ட்ராஃப்ட் லீக்கில் ரிபொம்பி: வேகம் இருக்கு, உடம்பு இல்ல. எப்படி வச்சு விளையாடுறது?

தலவாக்கலை_7

ஹட்டன்ல இருந்து பதுளை வரைக்கும் உள்ள 8 பேர் சேர்ந்து ஷோடவுன்ல (போகிமான் சண்டை போடுற வெப்சைட்) ஒரு ட்ராஃப்ட் லீக் (ஒருத்தர் எடுத்த போகிமானை இன்னொருத்தர் எடுக்க ஏலாது) போடுறோம். 9ஆம் ஜெனரேஷன், சிங்கிள்ஸ், 6க்கு 6, டெரா (சண்டை நடுவுல டைப்பை மாத்துறது) கிடையாது. ஆளுக்கு 100 பொயின்ட், 10 போகிமான். வாரத்துக்கு ஒரு மெச்.

என்கிட்ட இருக்கிறது ஹீட்ரன், மமோஸ்வைன், மிமிக்யூ, கொர்விநைட், அசுமரில், குவெக்சயர், ரிபொம்பி. மிச்ச மூணும் 1 பொயின்ட் சாமான், கணக்குல எடுக்காதீங்க. ரிபொம்பிக்கு 8 பொயின்ட் குடுத்தேன், ஸ்டிக்கி வெப் (எதிரிப் பக்கம் வலை விரிச்சு, உள்ள வர்றவங்களை மெதுவாக்குற மூவ்) போடும்னுதான்.

இந்த வாரம் எதிர்ல பண்டாரவளை டீம். அவங்ககிட்ட ட்ராகபல்ட், கிரேட் டஸ்க், மியவ்ஸ்கராடா, ஹெட்டரீன், சைசர், மிலோட்டிக், ரோட்டம் வொஷ். இதுல ஆறு வரும்.

கேள்வி மூணு. ஃபோகஸ் சாஷ் (முழு எச்பில இருந்தா ஒரே அடியில சாகாம 1 எச்பில நிறுத்துற ஐட்டம்) குடுத்து லீட்ல, அதாவது முதல் ஆளா, விட்டு வலையைப் போட்டுட்டு சாக விடுறதா, இல்ல பூட்ஸ் (வலை, ஸ்டெல்த் ரொக் மாதிரி தரையில கிடக்கிறது படாம காக்கிற ஐட்டம்) குடுத்துக் கடைசி வரைக்கும் வச்சிருக்கிறதா? ஹெட்டரீனோட மெஜிக் பவுன்ஸ், நேரா அடிக்காத மூவை, அதாவது ஸ்டேட்டஸ் மூவை, திருப்பி அனுப்பும். அது இருக்கும்போது வலை போட ஏலுமா? ஃப்ரீ ஏஜென்ட் பட்டியல்ல (யாரும் எடுக்காதது) விம்சிகொட் சும்மா கிடக்கு, அதே 8 பொயின்ட். மாத்திக்கிறது நல்லதா?

கொட்டகலை_கணக்கு

தம்பி, ரிபொம்பியை எடுத்துட்டோம்ங்கிறதுக்காக எல்லா வாரமும் வலை போடணும்னு சட்டம் இல்ல. ட்ராஃப்ட்ல எதிரியோட பட்டியல் முன்னாலயே கையில இருக்கு. அதனால செட்டை முடிவு பண்றதுக்கு முன்னுக்கு, வலை யாரைத் தொடும்னு எண்ணிப் பாருங்க. கொழுந்து நிறுக்கிறப்போ தண்ணிக்குக் கழிக்கிற மாதிரி, தொடாததை எல்லாம் முதல்லயே கழிச்சுடுங்க.

வலை விரிச்ச பிறகு தரையில நிக்கிற எதிரி உள்ள வந்தா அதோட வேகம் ஒரு படி இறங்கும், அதாவது மூணுல ரெண்டு பங்கு ஆகும். ஏற்கெனவே களத்துல நிக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது. ஃப்ளையிங் டைப், லெவிடேட், எயார் பலூன், பூட்ஸ் இதுங்களைத் தொடாது. க்ளியர் பொடி இருந்தா தொட்டும் இறங்காது.

இப்போ பண்டாரவளை டீமைப் பாருங்க. ரோட்டம் லெவிடேட், கழிங்க. ட்ராகபல்ட் க்ளியர் பொடியோட வந்தா கழிங்க. உங்ககிட்ட ரிபொம்பி இருக்கிறது தெரிஞ்ச ஆள் அப்படித்தான் கொண்டு வருவார். சைசர் எப்படியும் மெதுவானது, அது நம்பி இருக்கிறது புல்லட் பஞ்ச். அது முந்திப் போற அடி, வேகம் குறைஞ்சாலும் முந்தும். ஹெட்டரீனோட பேஸ் வேகம் (அந்த இனத்துக்கு உள்ள அடிப்படை வேகம்) 29, அதை இன்னும் மெதுவாக்கி என்ன செய்யப் போறீங்க? மிலோட்டிக் மெதுவானது மட்டும் இல்ல, கொம்பெடிடிவ் அபிலிட்டியோட வந்தா வலையில கால் வைக்கிற நேரமே ஸ்பெஷல் அட்டாக் ரெண்டு படி ஏறும். வலை போட்டு நீங்களே அதுக்குச் சாப்பாடு போட்ட கணக்கு. மிஞ்சுறது கிரேட் டஸ்க், மியவ்ஸ்கராடா. மியவ்ஸ்கராடாவுக்கு பூட்ஸ் மாட்டுறது சாதாரணம். கிரேட் டஸ்க் கையில வலையை அழிக்கிற ரெபிட் ஸ்பின்.

ஆக வலை உருப்படியா பிடிக்கிறது ஒண்ணு, ஒண்ணரை ஆள். அதுக்காக ஒரு போகிமானைச் சாகக் குடுக்கிறது நட்டம்.

ஆனா ரிபொம்பியை வீட்டுல வைக்காதீங்க. இந்த மெச்சுக்கு அது அடிக்கிற ஆள். பேஸ் வேகம் 124. வேகத்தைக் கூட்டுற டிமிட் நேச்சர், 252 ஈவீ (நாம பிரிச்சுப் போடுற பயிற்சிப் புள்ளி) போட்டா லெவல் 100ல 381. மியவ்ஸ்கராடா பேஸ் 123, முழுசாப் போட்டாலும் 379. ரெண்டே ரெண்டு வித்தியாசம், ஆனா முந்துறது நீங்கதான். ஸ்பெஷல் அட்டாக்ல 252 போட்டா மூன்ப்ளாஸ்ட் இப்படி விழும்:

மியவ்ஸ்கராடா ஈவீ போடாம இருந்தா எச்பி 293, குறைஞ்ச அடியே 338. செத்தது. கிரேட் டஸ்க் எச்பி 371, குறைஞ்ச அடி 416. செத்தது. எச்பில 252 போட்டு 434 ஆக்கிட்டு வந்தாலும், ஸ்பெஷல் டிஃபென்ஸ்ல எதுவும் போடலைன்னா 16 ரோல்ல (அடி கூடிக் குறைஞ்சு விழுற 16 அளவு) 12 கொல்லும். ட்ராகபல்ட் எச்பி 317, குறைஞ்ச அடி 318. ஒரே ஒரு எச்பி வித்தியாசத்துல போகுது. எல்லாம் ஐட்டம் உதவி இல்லாத கணக்கு. எதிரி ஸ்பெஷல் டிஃபென்ஸைக் கூட்டுற அசோல்ட் வெஸ்ட் மாட்டி வந்தா திரும்பப் போட்டுப் பார்க்கணும்.

அவங்களோட விலை கூடின மூணு பேரும் ஒரே மூவ்ல விழுறாங்க. உங்க ஹீட்ரனையும் மமோஸ்வைனையும் தொந்தரவு பண்றதும் இவங்களேதான். இதை விட்டுட்டு முதல் டர்ன்லயே வலையைப் போட்டு அதைச் சாகக் குடுக்கணுமா?

ட்ராகபல்ட் உங்களை விட வேகம் (421), அது முதல்ல அடிக்கும். ஆனா ட்ராகன் மூவ் ஃபேரிக்கு விழாது. 252 ஸ்பெஷல் அட்டாக், டிமிட், அடி கூட்டுற ஐட்டம் இல்லாத ட்ராகபல்ட்னு எடுத்துக்குங்க. ஷெடோ போல் 145ல இருந்து 172 வரைக்கும்தான், உங்க எச்பி 261. ஃப்ளேம்த்ரோவர் கூடினது 258. மூணு எச்பில நின்னு திருப்பி அடிக்கலாம். ஃபயர் ப்ளாஸ்ட் மட்டும் குறைஞ்சதே 268, அதுக்கு நிக்காது. ஸ்பெக்ஸ், லைஃப் ஓர்ப் மாட்டி வந்தா இந்தக் கணக்கு செல்லாது. இதுக்கெல்லாம் ரிபொம்பி முழு எச்பில இருக்கணும். அதுக்குத்தான் பூட்ஸ். ரொக் அடி பக் டைப்புக்கு ரெட்டிப்பு, அதனால ஸ்டெல்த் ரொக் மேல ஒவ்வொரு தடவை கால் வைக்கிறப்பவும் 65 எச்பி போகும். ஒரு தடவை பட்டாலே ஃப்ளேம்த்ரோவர் கணக்கு உடைஞ்சிடும். நாலு தடவை உள்ள வந்தா மிஞ்சுறது 1 எச்பி.

செட் இது: ரிபொம்பி, பூட்ஸ், ஷீல்ட் டஸ்ட் (எதிரி அடியோட கூட வர்ற விளைவைத் தடுக்கிற அபிலிட்டி), டிமிட். 252 ஸ்பெஷல் அட்டாக், 4 ஸ்பெஷல் டிஃபென்ஸ், 252 வேகம். மூன்ப்ளாஸ்ட், யூ-டர்ன் (அடிச்சுட்டு வெளிய வந்து வேற ஆளை இறக்குறது), ஸ்டன் ஸ்போர் (பரலைஸ் பண்ற பவுடர்), ஸ்டிக்கி வெப். வலையை நாலாவது இடத்துல வச்சிருங்க. போடுறதும் போடாததும் அன்றைக்குப் பார்க்கலாம். அது இருக்குங்கிற பயத்துக்காகவே அவர் ஒண்ணு ரெண்டு பேருக்கு பூட்ஸ் மாட்டுவார். பூட்ஸ் மாட்டினா வேகம் கூட்டுற ஸ்கார்ஃப் இல்ல, அடி கூட்டுற லைஃப் ஓர்ப் இல்ல. வலை விழாமலேயே வேலை செய்றது அப்படித்தான்.

பதுளை_ராத்திரி

அண்ணே சொன்னது எல்லாம் சரி, ஆனா ஒரு கேள்வி. 8 பொயின்ட் குடுத்து எடுத்ததை சும்மா மூன்ப்ளாஸ்ட் அடிக்கிறதுக்கு வைக்கிறதா இருந்தா விம்சிகொட் எடுத்தா என்ன? ஸ்டேட்டஸ் மூவை முந்த வைக்கிற ப்ரேங்க்ஸ்டர் இருக்கு, டெயில்வின்ட் (நம்ம பக்கத்து வேகத்தை ரெட்டிப்பாக்குறது) முந்திப் போகும், என்கோர் (எதிரியைக் கடைசி மூவ்லயே பூட்டுறது) முந்திப் போகும், எதிரியோட அடியைக் குறைக்கிற மெமென்டோ போட்டுச் செத்தா அடுத்தவன் சும்மா உள்ள வரலாம். மூன்ப்ளாஸ்டும் இருக்கு. வலையை மாதிரி ஸ்பின் பண்ணி அழிக்கவும் ஏலாது.

ஹப்புத்தளைக்காத்து

டபுள்ஸ்னா யோசிக்காம விம்சிகொட்டை எடுக்கச் சொல்லுவேன். சிங்கிள்ஸ்ல டெயில்வின்ட் கையில நிக்காது. நாலு டர்ன்ங்கிறது போட்ட டர்னையும் சேர்த்து. முதல் டர்ன் போடுறீங்க, ரெண்டாவது டர்ன் யூ-டர்ன் இல்லாட்டி மெமென்டோவுல வெளிய வர்றீங்க, ஹீட்ரனுக்குக் கிடைக்கிறது மூணாவதும் நாலாவதும்தான். எதிரி அந்த ரெண்டு டர்ன்லயும் ப்ரொடெக்ட் போட்டோ, ஆளை மாத்தி மாத்தியோ ஓட்டிடுவார். வலைக்கு டர்ன் கணக்கு கிடையாது, யாராவது வந்து அழிக்கிற வரைக்கும் கிடக்கும்.

இன்னொண்ணு, இந்த எதிரிக்கு. 7ஆம் ஜெனரேஷன்ல இருந்து ப்ரேங்க்ஸ்டரால முந்திப் போற ஸ்டேட்டஸ் மூவ் எதிர்ல இருக்கிற டார்க் டைப்புக்கு விழாது. மியவ்ஸ்கராடா டார்க். என்கோர், டோன்ட் (ஸ்டேட்டஸ் மூவ் போட விடாதது), மெமென்டோ ஒண்ணும் அதுகிட்ட செல்லாது. டெயில்வின்ட் சொந்தப் பக்கத்துக்குப் போடுறது, அதுக்குத் தடை இல்ல. ஹெட்டரீன் நிக்கும்போது என்கோர் போட்டா மெஜிக் பவுன்ஸ்ல திரும்பி உங்களுக்கே விழும். வேகத்துலயும் விம்சிகொட் பேஸ் 116, முழுசாப் போட்டா 364. அதாவது மியவ்ஸ்கராடாவுக்குப் பின்னால. மூன்ப்ளாஸ்ட் அடிக்க முன்னுக்கே அடி வாங்கும். ஸ்பெஷல் அட்டாக்கும் 77தான், ரிபொம்பிக்கு 95. பாய்சன் அடி வேற நாலு மடங்கு.

எதிரி டீம்ல டார்க் இல்லாத, ட்ராகன் டான்ஸ் மாதிரி ஏத்திக்கிட்டு வர்ற ஆள்கள் நிறைய இருக்கிற வாரத்துக்கு விம்சிகொட் தங்கம்தான். ஏத்துற டர்ன்ல என்கோர் போட்டா அதே மூவ்லயே பூட்டப்பட்டு நிக்கும். ஆனா ஃப்ரீ ஏஜென்ட் மாத்துறது சீசன் முழுக்கத்துக்கும். உங்க டீம்ல ஹீட்ரன், மமோஸ்வைன் மாதிரி நடு வேகத்துல பலமா அடிக்கிறதுங்க இருக்கு, அதுக்கு வலைதான் ஒத்து வரும். மாத்தாதீங்க.

சாஷ் செட் எந்த வாரத்துக்குன்னு யாரும் சொல்லல, நான் சொல்றேன். எதிரி டீம்ல ஸ்பின்னர் ஒண்ணே ஒண்ணு, ஃப்ளையிங்கும் லெவிடேட்டும் ரெண்டுக்குக் கூடாம, மெஜிக் பவுன்ஸ் இல்லாம, வேகத்தை நம்பி அடிக்கிறதுங்க நாலு பேர்: அந்த வாரம் சாஷ் மாட்டி லீட்ல விடுங்க. யூ-டர்னை எடுத்துட்டு ஸ்கில் ஸ்வொப் (எதிரியோட அபிலிட்டியை மாத்திக்கிறது) இல்லாட்டி பக் பஸ். சாஷ் உடையிற வழிகளைப் பார்த்துக்குங்க. ஃபேக் அவுட் வந்தா ஷீல்ட் டஸ்ட் ஃப்ளின்ச்சைத் தடுக்கும், ஆனா அடி அடிதான். கொஞ்சம் எச்பி போனாலே சாஷ் செத்துடும். சேன்ட்ஸ்டோர்ம், ரெண்டு மூணு தடவை விழுற மூவ், எல்லாம் அதே கதை. ப்ரேங்க்ஸ்டர் டோன்ட் போடுற க்ரிம்ஸ்னார்ல், தண்டரஸ் மாதிரி ஆள் இருந்தா சாஷுக்குப் பதிலா டோன்ட்டை ஒரு தடவை நீக்குற மென்டல் ஹேர்ப் மாட்டுறவங்களும் இருக்காங்க. எனக்கு அது அவ்வளவு பிடிக்காது. டோன்ட் வராட்டி ஐட்டமே இல்லாத ரிபொம்பி நிக்குது.

டிஃபையன்ட் உள்ள கிங்கம்பிட், அனைஹிலேப் இருக்கிற டீமுக்கும், கொன்ட்ரரி சர்பீரியருக்கும் வலை போடாதீங்க. முதல் ரெண்டுக்கும் அட்டாக் ரெண்டு படி ஏறும். சர்பீரியருக்கு வேகம் இறங்குறதுக்குப் பதிலா ஏறும். மெதுவானது முதல்ல அடிக்கிற ட்ரிக் ரூம் டீமுக்கு வலை போடுறவரைப் பத்திப் பேச வேண்டியதே இல்ல.

தலவாக்கலை_7

விளங்குது, விம்சிகொட் வேணாம். ரெண்டு விஷயம் இன்னும் தெளிவில்ல.

வலை விழுந்தா ஹீட்ரனும் மமோஸ்வைனும் நிஜமா யாரை முந்தும்? ஈவீ எப்படிப் போடுறதுன்னு அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும். அடுத்தது, ஹெட்டரீனை லீட்ல விட்டா என்ன செய்றது? ஸ்கில் ஸ்வொப்னு மேல அக்கா சொன்னாங்க, அது எப்படி?

கொட்டகலை_கணக்கு

வேகக் கணக்கு, ஈவீ 252, லெவல் 100:

வலையில விழுந்த மியவ்ஸ்கராடா 379ல இருந்து 252. ஹீட்ரன் பேஸ் 77, வேகத்தைக் கூட்டாத நேச்சர்ல 253. ஒண்ணால முந்துது, அதனால மொடஸ்ட் போதும். இதே ஹீட்ரன் வீவைலுக்கு எதிரா (383ல இருந்து 255) ரெண்டால பிந்தும். அடுத்த வாரங்கள்ல யாருக்காவது வீவைல் இருந்தா இதை மறந்துடாதீங்க. மமோஸ்வைன் பேஸ் 80, அடமன்ட்ல 259, ரெண்டு பேரையும் தாண்டும்.

ட்ராகபல்ட் க்ளியர் பொடி இல்லாம இன்ஃபில்ட்ரேட்டரோட வந்து வலையில விழுந்தா 421ல இருந்து 280. ஹீட்ரன் டிமிட் போட்டாலும் 278, பத்தாது. மமோஸ்வைன் வேகம் கூட்டுற ஜொலி நேச்சர் போட்டா 284, பத்தும். ஆனா ஐஸ் ஷார்ட் கையில இருக்கிற மமோஸ்வைனுக்கு இதுக்காக ஜொலி போட்டு அடியைக் குறைக்கணுமான்னா, என் கணக்குல வேணாம். ட்ராகபல்ட்டுக்கு ஐஸ் ரெண்டு மடங்கு. கொஞ்சம் அடிபட்ட ட்ராகபல்ட்டை ஐஸ் ஷார்ட் முந்திப் போய் முடிச்சிடும். அடமன்ட்லயே விடுங்க.

ஸ்கார்ஃப் மாட்டினவன் வலையில விழுந்தா ஒன்றரை மடங்கும் மூணுல ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுப் போடும். பேஸ் 100, ஜொலி, ஸ்கார்ஃப்னா 492. வலையில அது 327. ஸ்கார்ஃப் இல்லாத வேகம் 328, அதுக்கும் ஒண்ணு குறைவு. உங்க 381 ரிபொம்பி வலை இல்லாம எந்த ஸ்கார்ஃப்கிட்ட தோக்கும்னா, பேஸ் 67ம் அதுக்கு மேலயும் இருந்து வேகம் கூட்டுற நேச்சரோட வர்ற எல்லார்கிட்டயும். பேஸ் 66 சரியா 381, யார் முதல்லன்னு காசு சுண்டின கதை. மியவ்ஸ்கராடா ஸ்கார்ஃப் மாட்டி வந்தா முந்தும், அதை ஞாபகத்துல வையுங்க. ஆனா ஸ்கார்ஃப்னா பூட்ஸ் இல்ல.

பூட்ஸ் இருக்கா இல்லையான்னு கண்டுபிடிக்க ஹீட்ரனை வச்சு ஸ்டெல்த் ரொக் போடுங்க. மியவ்ஸ்கராடாவுக்கு ரொக் சாதாரண அடி, உள்ள வரும்போது எட்டுல ஒரு பங்கு எச்பி போகணும். போகலைன்னா பூட்ஸ். இது தெரியிற வரைக்கும் வலைக்கு டர்ன் செலவழிக்காதீங்க. ரொக்கையும் ஹெட்டரீன் முன்னால போடாதீங்க, அதுவும் திரும்பி வரும்.

ஹெட்டரீனுக்கு வருவோம். வலை போடும்போது அது களத்துல நின்னா வலை உங்க பக்கம் விழும். ஸ்கில் ஸ்வொப்பை மெஜிக் பவுன்ஸ் தடுக்காது. முதல் டர்ன்ல அதைப் போட்டா பவுன்ஸ் உங்க கைக்கு வரும், ஷீல்ட் டஸ்ட் அதுக்குப் போகும். ரெண்டாவது டர்ன்ல வலை தைரியமா விழும். இதுல ஒரு பொறி இருக்கு. ஷீல்ட் டஸ்ட் கையில இல்லாத அந்த நேரம் அதே டர்ன்ல நஸல் அடிச்சா நீங்க பரலைஸ். வேகம் பாதியானாலும் 190, ஹெட்டரீன் முழுசாப் போட்டாலும் நேச்சர் உதவி இல்லாம 157தான், முந்துறது நீங்கதான். ஆனா நாலுல ஒரு தடவை அசைய ஏலாம நிப்பீங்க.

இந்த வாரம் ஸ்கில் ஸ்வொப் செட்லயே இல்ல, தேவையும் இல்ல. ஹெட்டரீன் லீட்ல வந்தா யூ-டர்ன், ஹீட்ரன் உள்ள. ஹீட்ரனுக்கு ஃப்ளேஷ் ஃபயர் குடுங்க. மிஸ்டிகல் ஃபயர் விழாது, சைக்கிக்கும் ஃபேரியும் அரைகுறை. மெக்மா ஸ்டோர்ம் 75 சதவீதம்தான் படும், பட்டா மாட்டிக்கும், ஃப்ளேஷ் கெனன் ரெண்டு மடங்கு. ஹெட்டரீன் போன பிறகு ரொக்கும் வலையும் உங்க இஷ்டம்.

கிரேட் டஸ்க் லீட்ல வந்தா ஆசைப்பட்டு முதல் டர்ன்லயே மூன்ப்ளாஸ்ட் அடிக்காதீங்க. அவருக்கும் கணக்குத் தெரியும், சைசரை இறக்குவார். யூ-டர்ன் போடுங்க. சைசர் வந்தா பின்னாலேயே ஹீட்ரன். டஸ்க் நின்னே அடிச்சா கொர்விநைட்டை இறக்குங்க, க்ரவுண்ட் விழாது, ஃபைட்டிங் சாதாரணம். உங்க மூன்ப்ளாஸ்ட்டைத் தாங்குற ஸ்டீல் அவங்ககிட்ட சைசர் ஒண்ணுதான். அதை ஹீட்ரனால முடிச்சிட்டா பிறகு ரிபொம்பி உள்ள வர்ற ஒவ்வொரு நேரமும் ஏதாவது ஒண்ணு சாகணும். இல்லாட்டி ஹெட்டரீன், ரோட்டம், மிலோட்டிக்ல ஒண்ணு வந்து அடி வாங்கணும்.

சைசர் முன்னால ரிபொம்பி நிக்கக் கூடாது. புல்லட் பஞ்ச் ரெண்டு மடங்கு, உங்க 381க்கு அங்க மதிப்பே இல்ல.

பதுளை_ராத்திரி

சரி, விம்சிகொட்டை விட்டுடுறேன். ஆனா ஸ்டன் ஸ்போர் யாருக்கு? ரோட்டம் எலெக்ட்ரிக், பரலைஸ் ஆகாது. மியவ்ஸ்கராடா க்ராஸ், பவுடர் விழாது. ஹெட்டரீன் திருப்பி அனுப்பும். சைசருக்குப் போட்டும் புல்லட் பஞ்ச் நிக்காது. அந்த இடத்துல பக் பஸ் வையுங்க, மியவ்ஸ்கராடாவுக்கு நாலு மடங்கு.

கொட்டகலை_கணக்கு

மியவ்ஸ்கராடா மூன்ப்ளாஸ்ட்லயே சாகுது, அதுக்கு நாலு மடங்கு எதுக்கு? ஸ்டன் ஸ்போர் மிலோட்டிக்குக்கு. கொம்பெடிடிவ் எடுத்து வந்தா மார்வல் ஸ்கேல் இல்லைன்னு அர்த்தம், பரலைஸ் ஆனா டிஃபென்ஸ் ஏறாது. அப்போ தைரியமாப் போடலாம். எந்த அபிலிட்டின்னு தெரியாம போட்டா அது மார்வல் ஸ்கேலா இருந்து மமோஸ்வைனோட அடியில மூணுல ஒரு பங்கு வீணாப் போகலாம். 75 சதவீதம்தான் படும்ங்கிறதையும் மறக்காதீங்க.

தப்பித் தவறி வலையில மிலோட்டிக் ஏறிடுச்சுன்னா குவெக்சயர். அன்அவேர் குடுத்துக் கொண்டு போங்க, வோட்டர் அப்சோர்ப் இல்ல. எதிரி ஏத்தினது எதுவும் அதுக்குக் கணக்கில்ல. ஐஸ் பீமும் வோட்டர் மூவும் சாதாரண அடியாத்தான் விழும்.

ஹப்புத்தளைக்காத்து

ஸ்பின்னைத் தடுக்க மிமிக்யூ இருக்கிறதை யாரும் கதைக்கல. வலை போடுறதுன்னு முடிவெடுத்தா மிமிக்யூ பின்னால உயிரோட இருக்கணும், ரெபிட் ஸ்பின் கோஸ்ட்டுக்கு விழாது. ஆனா டஸ்க் ஸ்பின்னைத்தான் அடிக்கும்னு நிச்சயமாத் தெரிஞ்ச டர்ன்ல மட்டும் இறக்குங்க. ஹெட்லோங் ரஷ்ல, முதல் அடியைத் தாங்குற டிஸ்கைஸ் போயிட்டா மிமிக்யூ அதுக்குப் பிறகு வெறும் உடம்பு. ஸ்பின் பட்டா டஸ்க்குக்கு வேகமும் ஒரு படி ஏறும், 300 இருந்தது 450 ஆகும், ரிபொம்பியையே தாண்டிடும். மூன்ப்ளாஸ்ட்டை நம்பி டஸ்க் முன்னால நிக்கிறவங்க அந்த ஏத்தத்தைப் பார்த்துட்டு நில்லுங்க.

மஸ்கெலியா_மழை

மூவ் எல்லாம் பெரியவங்க சொல்லிட்டாங்க. இந்த மாசம் அந்திக்கு இடி மின்னல் கூட, நம்ம பக்கம் கரண்ட் போறது எப்பன்னு சொல்ல ஏலாது. மெச்சை இரவு 8க்குப் பிறகு வையுங்க, பொயா (பௌர்ணமி) லீவுனா காலையிலயே முடிச்சிடுங்க. ரவுட்டரை நம்பாம போன்ல டேட்டா ரீலோட் பண்ணி வையுங்க. டீமை எழுத்தா எக்ஸ்போர்ட் பண்ணி போன்லயும் ஒரு கொப்பி வச்சிருங்க. கம்பியூட்டர் ப்ரவுசர்ல சேவ் பண்ணினது போன்ல வராது. நடுவுல அறுந்தா அதே பேர்ல அதே பாஸ்வேர்ட்ல திரும்ப உள்ள போனா மெச் அங்கேயே கிடக்கும், டைமர் ஓடினா மட்டும்தான் ஆபத்து. அதனால டைமர் போடுறதா இல்லையான்னு ரெண்டு பேரும் முன்னாலயே பேசிக்குங்க. முடிஞ்சதும் ரீப்ளேயை அப்லோட் பண்ணி லிங்கை எடுத்துட்டுத்தான் ஜன்னலை மூடணும், கில் கணக்கு அதுல இருந்துதான் எழுதுறாங்க.

தம்பி, ஈவீ போடும்போது சின்னதா ஒண்ணு: 379ஐத் தாண்ட 248 போதும், 380 வரும். மிச்ச 4ஐ டிஃபென்ஸ்ல போடுங்க. வேற ஒரு டீம்லயும் ரிபொம்பி இல்லாததால முழு 252க்கு அவசியம் இல்ல.

தலவாக்கலை_7

சரி, 248. ஹீட்ரன் மொடஸ்ட் ஃப்ளேஷ் ஃபயர், மமோஸ்வைன் அடமன்ட், குவெக்சயர் அன்அவேர், கொர்விநைட், மிமிக்யூ, ரிபொம்பி பூட்ஸ். அசுமரில் இந்த வாரம் வீட்டுல. லீட் ரிபொம்பி, முதல் டர்ன் எது வந்தாலும் யூ-டர்ன்.

கொட்டகலை_கணக்கு

எது வந்தாலும் இல்ல. ரோட்டம் லீட்ல வந்தா யூ-டர்ன்ல யார் உள்ள வர்றாங்கன்னு யோசிங்க. ஹைட்ரோ பம்ப்புக்கு ஹீட்ரனை இறக்கிடாதீங்க. வோல்ட் ஸ்விட்ச்சைத் தடுக்க க்ரவுண்ட் வேணும், ஹைட்ரோ பம்ப்பையும் தாங்கணும், ரெண்டுக்கும் குவெக்சயர். ட்ராகபல்ட் லீட்ல வந்தா யூ-டர்ன் போடாதீங்க, அது முதல்ல அடிக்கும், நீங்க எச்பியைக் குடுத்துட்டு வெளிய வருவீங்க. நின்னு மூன்ப்ளாஸ்ட் அடிங்க. அவர் சைசரை இறக்கினா அடுத்த டர்ன் ஹீட்ரன்.